மூடி சாரின் உல்லாசப் பயணம்

எட்டு மணி பத்து நிமிடம் ஆக இன்னும் இருபது விநாடி இருக்கும்போது ஜெபதாஸ் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். வலது கை டோக்கன் பெட்டியின் மூடி மேல் இருக்கும். கண் சுவர்க் கடிகாரத்தின் மேல். பெரிய முள் இரண்டைத் தொட்டதும் மூடி விழும். இரும்பு மூடி. சத்தம் கேண்டீன் வரை கேட்கும். டோக்கனை நீட்டியபடி ஓடிவருகிறவன் ஓரடி தூரத்தில் இருந்தாலும் விழும். அவன் கட்டைவிரல் பெட்டிக்குள் இருந்தாலும் விழும். பிறகு கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு, "டைம் இஸ் டைம்" என்பார். இது வருத்தம் தெரிவிக்கும் வாக்கியம் என்பது அவருடைய எண்ணம்.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் இருக்கும் இரும்புக் குழாய்த் தொழிற்சாலைக்கு அவர் டைம் கீப்பர். முந்நூற்றுப் பத்துத் தொழிலாளிகளுக்கும் எண் வெட்டிய பித்தளை டோக்கன் உண்டு. காலையில் அதைப் பெட்டியில் போட்டால்தான் ஆள் வந்ததாகக் கணக்கு. எட்டு மணிக்குச் சங்கு ஊதும். பத்து நிமிடம் சலுகை. சலுகை கம்பெனி கொடுத்தது என்பதால் ஜெபதாஸ் பொறுத்துக்கொள்கிறார். தாமே கொடுப்பதாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டார். மூடி விழுந்த பிறகு வருகிறவன் ஜன்னலில் நின்று டோக்கனைக் கொடுக்க வேண்டும். ஜெபதாஸ் சட்டைப் பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்து, பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளியை அவர் வைக்கும் அழகே தனி. நாலைந்து சுற்றுச் சுற்றி, உருண்டையாக்கி, ஊதிக் காயவைத்து, அப்புறம்தான் ஆளை உள்ளே விடுவார். அதற்குள் இன்னும் மூன்று நிமிடம் போயிருக்கும். அதையும் சேர்த்துக்கொள்வார்.

ஒரு மாதத்தில் மூன்று புள்ளி சேர்ந்தால் மானேஜருக்குச் சீட்டுப் போகும். பர்மனென்ட் ஆள் என்றால் அரை நாள் சம்பளம் வெட்டு. டெம்பரரி ஆள் என்றால் வேலையே வெட்டு. தொழிற்சாலையில் அவரை ஜெபதாஸ் என்று சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'மூடி சார்' என்றால் எதிரே இருக்கும் டீக்கடைக்காரர் கூடக் கை நீட்டிக் காட்டுவார்.

ஐம்பத்திரண்டு வயது. ஒல்லி. முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பித்தான் போட்டுக்கொள்வார். கடிகாரம் மட்டும் வெளியே தெரிய இடது கையில் அரை அங்குலம் மடிப்பு. அந்தக் கடிகாரத்தை இரவு ரேடியோச் செய்திக்கு முன் வரும் மணி ஒலியோடு தினமும் ஒத்துப் பார்ப்பார். ஒருமுறை இரண்டும் ஒத்துப்போகாதபோது, "ரேடியோ ஸ்டேஷன்ல எவனோ தூங்கிட்டான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் ஐயர் பிரசங்கத்தை ஆரம்பித்த நேரத்தையும் முடித்த நேரத்தையும் பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைக்கிறார். சொந்தச் சித்தப்பா அடக்கத்துக்குப் போய்வந்து அவர் வீட்டில் சொன்ன ஒரே செய்தி இது: "எட்டரைக்கு எடுக்கறதா சொன்னாங்க. எட்டு நாப்பது ஆயிடுச்சி."

மேசை இழுப்பறையில் ஒரு ரயில் கால அட்டவணை வைத்திருக்கிறார். பழுப்பு அட்டை. இதுதான் அவருடைய சாட்சி, சட்டம் எல்லாம். வாலாஜாபாத், பாலூர் பக்கத்திலிருந்து வருகிற தொழிலாளிகள் செங்கல்பட்டு வரை புகைவண்டியில் வந்து, அங்கே மின்சார ரயில் மாறி, சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, சைக்கிளை மிதிக்க வேண்டும். "வண்டி லேட்டு சார்" என்று எவனாவது சொன்னால் ஜெபதாஸ் புத்தகத்தை எடுப்பார். விரல் வரிசையில் இறங்கி நிற்கும்.

"இத்த பாரு. செங்கல்பட்டு, ஏழு மணி, ஜீரோ நிமிஷம். போட்டுகீதா இல்லியா?"

அப்படி அடிக்கடி விரலைப் பார்க்க நேர்ந்தவன் பாலூர் கண்ணப்பன். இருபத்தாறு வயது, டெம்பரரி. செப்டம்பர் ஒன்றாம் தேதி பர்மனென்ட் ஆக வேண்டியவன். ஆகஸ்டு பதினைந்துக்குள் அவன் பெயருக்கு எதிரே இரண்டு புள்ளி விழுந்துவிட்டது.

"சார், அது பழைய புக்கு சார். டைம மாத்திட்டாங்கோ. இப்போ ஏழு இருவத்தஞ்சுக்குத்தான் வண்டியே வருது."

"பைபிள் கூடத்தான் பழசு. மாத்திட்டாங்களா?"

கண்ணப்பன் டோக்கனை ஜன்னலில் வைத்தான். இரண்டாவது புள்ளி அன்றைக்குத்தான் விழுந்தது.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான், இந்தப் பக்கத்தில் புகைவண்டியை எடுத்துவிட்டு டீசல் வண்டி விடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. மகள் ரோஸிக்குப் பத்தொன்பது வயது, டைப்ரைட்டிங் படிக்கிறாள். புகைவண்டியில் ஒருநாளாவது காஞ்சிபுரம் போக வேண்டும் என்றாள். மனைவி அன்னபுஷ்பம், "நானும் இருவத்தோரு வருசமா இந்த வூட்டு டைம்டேபிள்ளயே ஓடிக்கினு கீறேன், ஒருநாளு வெளில போலாம்" என்றாள். ஜெபதாஸ் யோசித்தார். ஆகஸ்டு பதினைந்து, திங்கட்கிழமை, தொழிற்சாலைக்கு விடுமுறை. சரி என்றார். அன்று இரவே ஒரு முழுத்தாளில் கோடு போட்டுப் பயணத்தை எழுதிச் சுவரில் ஒட்டினார்.

அந்தத் தாளை அன்னபுஷ்பத்தின் தம்பி கிறிஸ்துதாஸ் சத்தம் போட்டுப் படித்தார். அவர் பஸ் கண்டக்டர். நேரத்தைப் பற்றி அவருக்கு வேறு கருத்துகள் உண்டு.

"5.10 எழுந்திருத்தல். 5.35 ஜெபம். 5.40 காபி. 7.00 வண்டி வருவதைக் காணல். 7.25 புறப்படல். 7.40 முதல் 8.15 வரை வேடிக்கை பார்த்தல். 8.15 இட்லி. இன்னா மச்சான், சந்தோசத்துக்கு எத்தினி மணி? போடவே இல்லியே?"

"மாமா," என்றாள் ரோஸி, "ஏழு நாப்பதுக்கு முன்னாடியே ஏதாவது கண்ல பட்டுட்டா?"

"கண்ண மூடிக்கோ. இல்லாங்காட்டி ஓவர்டைம் கேளு."

ஜெபதாஸ் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'இட்லி' என்பதற்குப் பக்கத்தில் 'ஆளுக்கு 4' என்று சேர்த்துக்கொண்டிருந்தார்.

சுதந்திர தினத்தன்று காலை ஆறே முக்காலுக்குக் குடும்பம் செங்கல்பட்டு நிலையத்தில் நின்றது. நால்வர் நெஞ்சிலும் காகிதக் கொடி. ஜெபதாஸ் வெள்ளை முழுக்கைச் சட்டை, வெள்ளை வேட்டி, இரண்டுக்கும் கஞ்சி. பழுப்பு அட்டைப் புத்தகம் அக்குளில். ஏழு மணிக்கு அவர் தண்டவாளத்தை நோக்கித் திரும்பி, மூடியின் மேல் கை வைப்பதுபோலக் கையை நீட்டி நின்றார். தண்டவாளத்தில் ஒரு நாய் குறுக்கே போனது. ஏழு ஐந்துக்கு அதே நாய் திரும்பி வந்தது.

டிக்கெட் ஜன்னலுக்குப் போனார். உள்ளே இருந்த குமாஸ்தா ரகுபதி புத்தகத்தை வாங்கி, அட்டையைத் திருப்பிப் பார்த்து, வருஷத்தின் மேல் விரலை வைத்தார்.

"சார், இது எண்பதாம் வருஷத்து புக்கு. நாம எண்பத்து மூணுல கீறோம்."

"இது ரயில்வேயே அச்சடிச்ச புத்தகம்பா."

"நாங்கதான் சார் அச்சடிச்சோம். அப்பறம் வேற அடிச்சோம். தோ, போர்டுல எழுதிக்கீது பாருங்க. வர்றது ஏழு இருவத்தஞ்சு, போறது ஏழு அம்பத்தஞ்சு. ரெண்டு வருஷமா இதான் டைம்."

ஜெபதாஸ் பலகையைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். எதை நம்புவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஏழு இருபத்தைந்துக்கு எஞ்சின் வந்தது. முன்னால் ஒரு காகிதக் கொடி, பக்கவாட்டில் வெள்ளை நீராவி, பிளாட்பாரமே அதிர்ந்தது. ரோஸி கைதட்டினாள்.

"கரெக்டா வந்துடிச்சிங்களே!" என்றாள் அன்னபுஷ்பம்.

"இருவத்தஞ்சு நிமிஷம் லேட்" என்று குறித்துக்கொண்டார் ஜெபதாஸ்.

இந்தப் பாதையில் வழக்கமாகப் போகிறவர்கள் எல்லாரும் கடைசிப் பெட்டிகளுக்கு ஓடினார்கள். ஜெபதாஸ் குடும்பத்தை எஞ்சினுக்கு அடுத்த முதல் பெட்டியில் ஏற்றினார். முதல் பெட்டி முதலில் போய்ச் சேரும் என்பது அவர் கணக்கு. எத்தனை விநாடி மிச்சம் என்றும் சொன்னார். அந்தப் பெட்டியில் அவர்கள் நால்வரைத் தவிர இரண்டு கருவாட்டுக் கூடைகள் இருந்தன. கூடைக்காரிகள் கூடப் பின்னால் போய்விட்டார்கள். எஞ்சினைப் பார்த்த ஜன்னலோர இருக்கையை ஜெபதாஸ் தமக்கென்று வைத்துக்கொண்டார், வழியில் வரும் நிலையங்களின் கடிகாரங்களைச் சரிபார்க்க.

வண்டி கிளம்பிப் பத்து நிமிடத்தில் கஞ்சிச் சட்டையில் முதல் கரித்துகள் விழுந்தது. தட்டினார். அது கோடாக இழுத்துக்கொண்டது. அப்புறம் இரண்டு, நான்கு, பத்து. தோளில், மார்பில், காகிதக் கொடியின் வெள்ளைப் பட்டையில். எல்லாம் உருண்டை உருண்டையாக.

"மச்சான்," என்றார் கிறிஸ்துதாஸ், "சட்ட பூரா லேட் மார்க்கு."

ரோஸி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பதினெட்டுப் புள்ளி என்று அன்னபுஷ்பம் எண்ணிச் சொன்னாள். ஆறு சீட்டு ஆச்சே, இதுக்கு யார்கிட்ட எழுதிக் குடுக்கறது என்றாள். ஏழு நாற்பதுக்குத் தொடங்க வேண்டிய வேடிக்கை, வண்டி கிளம்பிய நேரத்தை அனுசரித்து எட்டு பத்துக்குத் தொடங்கும் என்று ஜெபதாஸ் அறிவித்தார். எட்டு பத்தும் ஆனது. சொந்த வழக்கப்படி எழுந்து நின்று, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பாலூர் நிலையக் கடிகாரம் தெரிகிறதா என்று எஞ்சின் பக்கம் பார்த்தார். அப்போதுதான் அடுத்த துகள் அவர் வலது கண்ணில் விழுந்தது.

அவர் போட்ட சத்தம் எஞ்சின் ஊதலுக்கு ஈடாக இருந்தது என்று கிறிஸ்துதாஸ் இன்றைக்கும் சொல்கிறார். பாலூரில் வண்டி நின்றது. எதிர்வண்டி வந்து கடந்தால்தான் இது புறப்படும். ஜெபதாஸ் கண்ணைப் பொத்திக்கொண்டு பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து காலை உதைத்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு யோசனை. ஊது என்றார்கள், தேய்க்காதே என்றார்கள், தேய் என்றார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தோளில் துண்டோடு ஒரு இளைஞன் வந்தான்.

"சார், நம்ம மூடி... ஜெபதாஸ் சாரா? கைய எடு சார். தேய்க்காத. தேய்ச்சா உள்ள பூடும்."

கண்ணப்பன்தான். தண்ணீரில் துண்டு முனையை நனைத்தான். ஒருவரிடம் தீக்குச்சி கேட்டு வாங்கி, மருந்து இல்லாத முனையை ஜெபதாஸின் மேல் இமையில் வைத்து இமையை அப்படியே மடித்தான். "மேல பார்க்காத சார். கீழ பாரு. காலப் பாரு. ஆடாத." முந்நூற்றுப் பத்துப் பேரை ஒரு மூடியால் நிறுத்திவைக்கிற மனிதர் அவன் சொன்னபடியெல்லாம் பார்த்தார். "எங்க ஊர்ல இது டெய்லி மேட்டரு சார். மொத பொட்டில எவனாச்சும் வெளியூர்க்காரன் குந்துவான், விழும். நாங்க எடுத்துகினே இருப்போம்."

இமையைப் பிடித்திருந்த கட்டைவிரல் ஜெபதாஸின் நல்ல கண்ணுக்கு முன்னால் இரண்டங்குல தூரத்தில் இருந்தது. அதன் நகம் முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. ரோஸியும் அதைப் பார்த்தாள்.

"வெரல்ல இன்னாண்ணா அடி?"

"பொட்டி மூடிம்மா. ஜூன் மாசம்." துண்டு முனையைச் சுருட்டி லாகவமாக ஒற்றியெடுத்தான். "தோ, வந்துடிச்சி."

துண்டின் முனையில் மிளகில் கால் பங்கு கூட இல்லாத ஒரு கரி. கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது. ஜெபதாஸ் மட்டும் அதை வாங்கி, உள்ளங்கையில் வைத்து, ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தார். உருண்டையாக இருந்தது.

எதிர்வண்டி இன்னும் வரவில்லை. அன்னபுஷ்பம் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். கண்ணப்பனுக்கும் நான்கு வைத்தாள்; தாளில் இல்லாத இட்லி.

"நீ எங்கப்பா கெளம்பிட்ட, கொடியேத்தற நாளும் அதுவுமா?"

"வாலாஜாபாத் போறன்கா. பொண்டாட்டி அவங்க அம்மா வூட்ல கீது. பொண்ணு பொறந்து நாலு மாசம் ஆவுது. பர்மனென்ட் ஆனாத்தான் புள்ளயயும் தாயயும் அனுப்புவேன்னு மாமனாரு ஒத்தக்கால்ல நிக்கறாரு. ஒண்ணாந்தேதி ஆயிடும்னு சொல்லிகீறேன்." இட்லியைப் பிட்டவன் ஜெபதாஸைப் பார்த்தான். "ஆவணும்."

"இன்னா, ஆவணும்னு இழுக்கற?"

"ரெண்டு புள்ளி விழுந்துக்கீதுக்கா. இன்னொண்ணு விழுந்தா சீட்டு."

"லேட்டா போவியா?"

"இந்த வண்டிதான்கா. ஏழு இருவத்தஞ்சுக்குச் செங்கல்பட்டு. ஓடிப்போயி கரண்டு வண்டி புடிச்சி, சைக்கிள் மிதிச்சா எட்டு எட்டுக்கும் பூடலாம். லெவல் கிராஸிங் போட்டுட்டா எட்டு பதிமூணு."

"இத்த உங்க சார்கிட்ட சொல்றதுதானே?"

கண்ணப்பன் இட்லியை வாயில் போட்டுக்கொண்டான். "சாருக்குத் தெரியும்கா" என்றான், வாய் நிறைய.

அன்னபுஷ்பம் கணவர் பக்கம் திரும்பினாள். அக்குளில் இருந்த பழுப்புப் புத்தகத்தை உருவினாள். "ஏங்க, எதிர்வண்டி எப்போ வரும்னு இதுல பார்த்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா அது கேக்கும்." ரோஸி பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துதாஸ் கூட இட்லியிலேயே கண்ணாக இருந்தார். ஜெபதாஸ் கண்ணில் தண்ணீர் வழிய, "கண்ணு எரியுது" என்றார். அன்றைக்கு அவர் சொன்னதில் யாரும் மறுக்காத வாக்கியம் அது ஒன்றுதான்.

முப்பத்தைந்து நிமிடம் கழித்து எதிர்வண்டி கடந்தது. கண்ணப்பன் அவர்களைக் கடைசிப் பெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தான். வாலாஜாபாத்தில் இறங்கும்போது, "நாளைக்குப் பார்க்கலாம் சார்" என்றான். சாதாரணமாகச் சொல்கிற வார்த்தை. ஜெபதாஸ் வேட்டியில் இருந்த கரியைத் தட்டப்போய், கோடாக இழுத்துக்கொண்டார்.

காஞ்சிபுரத்தில் அவர் நிலையத்தை விட்டு வெளியே வரவில்லை. கண்ணில் ஈரத்துணியோடு பெஞ்சில் படுத்துவிட்டார். மற்ற மூவரும் பட்டுக்கடை வீதியைச் சுற்றி, ஒன்றும் வாங்காமல் நாற்பது புடவைகளைப் பிரிக்கவைத்து, இரண்டு மணி நேரம் தாமதமாகத் திரும்பிவந்தார்கள். எத்தனை மணி என்று அவர் கேட்கவில்லை. இருபத்தோரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை என்று அன்னபுஷ்பம் பக்கத்து வீட்டு சரோஜாவிடம் சொன்னாள். நல்ல ட்ரிப்பு என்றும் சொன்னாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஜெபதாஸின் வலது கண் வீங்கிச் சிவந்து, பாதி மூடியிருந்தது. லீவு போடச் சொன்னார்கள், போடவில்லை. இழுப்பறையில் பழுப்புப் புத்தகம் இருந்தது, அட்டை கீழ்ப்பக்கமாக. வாட்ச்மேன் கோதண்டம் கேட்டைத் திறந்துவைத்தார். எட்டு மணிக்குச் சங்கு ஊதியது. ஆட்கள் வரிசையாக டோக்கன் போட்டார்கள். கண்ணைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், உள்ளே போய்ச் சிரித்தார்கள். எட்டு ஏழுக்கெல்லாம் வாசல் காலி. கண்ணப்பன் வரவில்லை.

எட்டு பத்து ஆக இருபது விநாடி இருக்கும்போது ஜெபதாஸ் எழுந்து நின்றார். வலது கை மூடி மேல்.

பெரிய முள் இரண்டைத் தொட்டது. மூடி விழவில்லை.

"சார்," என்றார் கோதண்டம், "பத்து ஆயிடுச்சி சார்."

"இருப்பா. சரியா தெரியல."

"நான் பார்த்துச் சொல்லட்டா சார்?"

"கடியாரம் பார்க்கறது உன் வேலையா? உன் வேலை கேட்டு. கேட்டப் பாரு."

கோதண்டம் கேட்டைப் பார்த்தார். ஒரகடம் சாலை வளைவில் புளியமரத்துக்கு அப்பால் ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது, இருக்கையில் உட்காராமல் நின்றுகொண்டே மிதிக்கிற ஆளோடு. மணி விடாமல் அடித்தது. கோதண்டம் திரும்பினார். மூடி சார் வலது கையை மூடியிலிருந்து எடுக்கவில்லை. இடது கையைத் தூக்கி நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டார். வீங்கிய கண்ணால் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.